மங்களவல்லிக்கு எட்டுச் சாட்சி

திருநெல்வேலி, விளம்பி வருஷம் (1898), சித்திரை 9

தம்பி சங்கரலிங்கம் பட்டணத்திலிருந்து இந்த நோட்டுப் புத்தகத்தை அனுப்பியிருக்கிறான். "கதை எழுதுகிறவர்கள் அன்றாடம் நடப்பதையும் எழுதிப் பழக வேண்டும் அக்கா" என்று உபதேசம் வேறு. மூக்கு ஒழுகிக்கொண்டு என் பின்னால் திரிந்தவன், காலேஜில் சேர்ந்ததும் எனக்குப் புத்தி சொல்கிறான்.

அன்றாடம் என்ன நடக்கிறது? கூழ்வத்தல் காய்கிறது. நான் தட்டட்டியில், மொட்டை மாடியில், ஓலைக்குடையின் கீழ் உட்கார்ந்து காக்கை விரட்டுகிறேன். அத்தை, அதாவது என் மாமியார், காலையில் வத்தல் பிழிந்துவிட்டுக் கீழே இறங்கினால் சாயந்திரம் வரை படியேற மாட்டார்கள், முழங்கால் வலி. இந்த வீட்டில் என்னை யாரும் கூப்பிடாத இடம் இது ஒன்றுதான். மடியில் காகிதம், பக்கத்தில் மைக்கூடு, அதை மூட ஒரு சொளகு. படியில் சத்தம் கேட்டால் சொளகு கவிழும்.

'இல்லற தீபிகை' என்கிற மாதப் பத்திரிகையில் 'மங்களவல்லி சரித்திரம்' முதல் அத்தியாயம் வந்துவிட்டது. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஒரு பெண்' என்று போட்டிருக்கிறது. அந்தப் பெண் நான்தான். இதை எழுதவே கை கூசுகிறது. தம்பியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவனுக்கு வத்தல் அனுப்பும் தகரப்பெட்டியில், அடியில் காகிதமும் மேலே வத்தலுமாகப் போகிறது.

சித்திரை 12

பத்திரிகைக்குச் சந்தா கட்டியவர்கள் இவர்கள். இவர்கள் என்றால் என் வீட்டுக்காரர். ஜில்லா கச்சேரியில் குமாஸ்தா. பெயரை எழுதினால் அவர்கள் ஆயுசு குறையுமாம், அதனால் இங்கேயும் 'இவர்கள்'தான்.

தெருவில் எழுத்து வாசிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்தி. என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார், கற்றுக்கொடுத்துவிட்டார். அதனால் பத்திரிகை வந்தால் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் புறவாசலில் கூட்டம் கூடிவிடும். என்னோடு சேர்த்து எட்டுப் பேர். இன்றைக்கு என் கதையை நானே, எவளோ எழுதியதுபோல முகத்தை வைத்துக்கொண்டு வாசித்தேன். வியர்த்துக் கொட்டிற்று.

முடித்ததும் கோமு மயினி ஆரம்பித்தாள். ஐந்து பிள்ளை பெற்றவள். அவள் வாய்க்குத் தெருவே பயப்படும்.

"'ஒரு பெண்'ணாம்லா! எவனோ ஒருத்தன் மீசையை முறுக்கிக்கிட்டு எழுதியிருக்கான்."

"ஆம்பளைக்கு, அரிசி களைஞ்ச தண்ணியை மாட்டுக்கு எடுத்து வைக்கணும்னு எங்க தெரியும்?" என்றார்கள் அத்தை. "இவ முதப் பக்கத்துலயே எடுத்து வச்சுட்டாளே. பொம்பளைதான்."

அத்தைக்கு நான் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அடுத்த வீட்டுச் சொர்ணம் சின்னத்தை தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சேலை, நாற்பது வயது, சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவர்கள். காது மந்தம் என்று எப்போதும் என் தோளோடு ஒட்டி உட்காருவார்கள். மூச்சு என் கன்னத்தில் படும். கொஞ்சம் தள்ளி இருக்கக் கூடாதா என்று தோன்றும், சொல்ல முடியாது.

சித்திரை 28

அத்தை மறுபடியும் அரிசி ஊறப்போட்டிருக்கிறார்கள். இத்தனை வத்தலை யார் தின்பது?

வைகாசி 14

இரண்டாம் அத்தியாயம் வந்தது. மங்களவல்லி பதினாறு வயதில் தாலி இழந்து தமையன் வீட்டுக்கு வருகிறாள். கோமு மயினி மூக்கைச் சிந்தி என் சேலையில் துடைத்தாள்.

தம்பி எழுதியிருக்கிறான்: "விடுதியில் என்னை வத்தல் பிள்ளை என்று கூப்பிடுகிறார்கள். கதையை மட்டும் அனுப்பக் கூடாதா?" முடியாது.

இவர்கள் இன்று ஒரு புட்டி மை வாங்கி வந்தார்கள். "வண்ணான் கணக்கு எழுத இத்தனை மை எதுக்கு?" என்று கேட்டேன். "கெட்டா போவுது? மாடக்குழியில வை" என்றார்கள். காசின் அருமை தெரியாத மனிதர்.

கடைசி அத்தியாயத்தை இப்போதே எழுதி வைத்துவிட்டேன். மங்களவல்லிக்குக் காய்ச்சல் காண்கிறது. எல்லாரையும் மன்னித்து, தேவாரம் கேட்டுக்கொண்டே கண்ணை மூடுகிறாள். எழுதும்போதே தேம்பித் தேம்பி அழுதேன். எனக்கே அழுகை வந்தால் கோமு மயினியைக் கேட்க வேண்டாம்.

ஆனி 8

இன்றைக்கு உயிர் போய் வந்தது.

மூன்றாம் அத்தியாயம் வாசித்துக்கொண்டிருந்தேன். மங்களவல்லி உலை இறக்குகிற இடம். அச்சைப் பார்த்துக்கொண்டுதான் வாசித்தேன், ஆனால் எழுதும்போது பலமுறை சொல்லிப் பார்த்த வரிகள், கண்ணுக்கு முன்னால் வாய் ஓடிவிட்டது. "யாரும் இல்லாத நேரம் பார்த்து அவள் பானை மூடியைத் திறந்தாள். ஆவி அடங்காத சோற்றைக் கையால் அள்ளி, நின்றவாறே வாயில் போட்டுக்கொண்டாள். நாக்கு வெந்தது. ஒரு வேளைச் சோறு என்று விதிக்கப்பட்ட நாளிலிருந்து அவள் சுடச்சுடத் தின்றது அதுவே முதல் கவளம்."

எல்லாரும் சிரித்தார்கள். "நான் தெனமும் திங்கேன், உப்புப் பாக்கேன்னு சொல்லிக்கிட்டு" என்றாள் கோமு மயினி. சொர்ணம் சின்னத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் விரல் தாளின் மேல் மேலும் கீழும் போயிற்று.

"அது எங்க இருக்கு? 'பானையை இறக்கி வைத்தாள்'னு இருக்கு. அடுத்தாப்புல 'தமையன் உள்ளே வந்தான்'னு இருக்கு. நடுவுல சோத்தைப் பத்தி ஒண்ணும் இல்லையே."

குனிந்து பார்த்தேன். இல்லைதான். பத்திராதிபர் எடுத்துவிட்டிருக்கிறார். விதவை பானையில் கைவிட்டுத் தின்பது இல்லறத்துக்கு ஆகாது போலிருக்கிறது. அச்சில் இல்லாததை நான் வாசித்திருக்கிறேன். எனக்கு அது எப்படித் தெரிந்தது என்று யாராவது ஒரு கேள்வி கேட்டால் முடிந்தது கதை.

ஆனால் கோமு மயினி கேட்ட கேள்வி வேறு. "ஆமா, இல்லேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் சின்னத்தை? நீங்க வாசிப்பீகளா?"

எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பிற்று. சொர்ணம் சின்னத்தை தாளிலிருந்து விரலை வெடுக்கென்று எடுத்தார்கள். முகத்தில் ரத்தமே இல்லை. நான் தப்பித்தேன் என்ற சந்தோஷம் ஒரு நொடி வந்தது. அடுத்த நொடியே வெட்கமாக இருந்தது.

அத்தை எழுந்தார்கள். "ஏளா கோமு, உன் கடைக்குட்டி அழுத சத்தம் கேக்கு. எந்திரி. வெயில் சாஞ்சாச்சு, எல்லாரும் போய் வெளக்குத் தொடைங்க." கூட்டம் கலைந்தது. எந்தப் பிள்ளையும் அழுததாக எனக்குக் கேட்கவில்லை.

ஆனி 10

சொர்ணம் சின்னத்தையைப் பார்க்கப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மெதுவாகத்தான் பேசினேன். எல்லாம் கேட்டது. காது நன்றாகவே கேட்கிறது.

"சின்ன வயசுல எங்க அண்ணன் படிக்கும்போது பக்கத்துல உக்காந்து நானும் எழுத்துப் பழகுனேன். படிக்கிற பொம்பளைக்குத் தாலி தங்காதுன்னு எங்க வீட்டுல சொல்லுவாக. நான் சிரிப்பேன். கல்யாணமாகி மூணாம் வருஷம் அவுக போயிட்டாக. அன்னைக்கு நெனச்சேன், எனக்கு வாசிக்கத் தெரியும்னு வெளிய தெரிஞ்சா நான்தான் கொன்னேன்னு சொல்லுவாகன்னு. அதோட வாயை மூடிட்டேன்."

"நீங்க அதை நம்புதீகளா சின்னத்தை?"

"பகல்ல நம்ப மாட்டேன்" என்றார்கள்.  பிறகு அடுக்குப்பானைக்குப் பின்னால் கைவிட்டு ஒரு காகிதக் கட்டை எடுத்தார்கள். கடலை மடித்து வந்த தாள், சீரகம் சுற்றி வந்த தாள், எண்ணெய்க் கறையோடு எத்தனையோ. "பலசரக்குக் கடைக்குப் போற ஆளை நான்தான் அனுப்புவேன், இந்தத் தாளுக்காக. எல்லாம் பாதியில கிழிஞ்சு கெடக்கும். ராசா காட்டுக்குள்ள போவான், தாளு முடிஞ்சிரும். திரும்பி வந்தானா, புலி அடிச்சுதா, ஒண்ணும் தெரியாது. முழுசா ஒரு கதை நான் வாசிச்சதே இல்ல உலகம்மா. இந்த மங்களம் கதைதான் முதல்ல. காது கேக்கலன்னு சொல்லிச் சொல்லி உன் பக்கத்துலயே உக்காந்து வாசிக்கேன்."

 கொட்டை எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"எப்படி முடியும்னு நெனைக்கீக?" என்று கேட்டுவிட்டேன்.

"எப்படி முடியும்? செத்துப் போவா. கேட்ட கதை, பாத்த கூத்து எல்லாத்துலயும் தாலி அறுத்தவ கடைசியில செத்துத்தான போறா. எல்லாரும் அழுது, நல்லவன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருவாக. நான் பாரு, இருவது வருஷமா உசிரோட இருக்கேன். அதை எவளும் எழுத மாட்டேங்கா."

வாசல் வரை வந்தார்கள். "அந்தச் சுடுசோறு நல்லாருந்துச்சு. எழுதுனவளைத் தெரிஞ்சா சொல்லு" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அச்சில் இல்லாததை நான் எப்படி வாசித்தேன் என்று அவர்கள் கடைசிவரை கேட்கவில்லை. மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஆனி 11

தேவாரம் கேட்டுச் செத்த மங்களவல்லியை அடுப்பில் போட்டேன். என் கண்ணீரெல்லாம் ஒரு கைப்பிடிச் சாம்பல். அத்தை பார்த்துவிட்டு, "என்னளா காகிதத்தை எரிக்கே?" என்றார்கள். வண்ணான் கணக்கு என்றேன்.

ஆனி 25

புதிய முடிவு எழுதியாயிற்று. மங்களவல்லிக்குக் காய்ச்சல் விடுகிறது. எழுந்து உட்காருகிறாள். பசிக்கிறது. பானையைத் திறந்து, எல்லாரும் பார்க்கச் சுடுசோறு அள்ளித் தின்கிறாள். தமையன் பெண் மடியில் வந்து உட்காருகிறது, அதற்கு அகரம் எழுதிக் காட்டுகிறாள். அவ்வளவுதான். இந்த முறை சோறு கதையின் கடைசியில் இருக்கிறது. அதை எடுத்தால் கதையே முடியாது. எடுக்கட்டும் பார்க்கலாம்.

வத்தல் பெட்டி போய்விட்டது.

ஆடி 6

தம்பியிடமிருந்து கடிதம். பத்திராதிபர் அவனைக் கூப்பிட்டுச் சொன்னாராம். பெரிய மனிதர்கள் சிலர் எழுதிக் கேட்கிறார்களாம்: இது பெண்பிள்ளை எழுத்தல்ல, பெண்பிள்ளைக்கு இவ்வளவு வாக்கு வராது, எவனோ சேலை கட்டிக்கொண்டு பத்திரிகையை ஏமாற்றுகிறான் என்று. இன்னார் மனைவி இன்னாள் என்று பெயரும் புருஷன் சம்மதமும் அச்சிட வேண்டும். இல்லாவிட்டால் கடைசி அத்தியாயம் வெளிவராது.

பெயர் போட்டால் என்ன ஆகும் என்று தெரியும். கச்சேரியில் இவர்களைக் கேலி செய்தே கொல்வார்கள். பெரிய மாமனார் மேலத்தெருவிலிருந்து கம்பை ஊன்றிக்கொண்டு வருவார். அன்றைக்கே மைக்கூடு கிணற்றில் விழும். பெயர் போடாவிட்டால் சொர்ணம் சின்னத்தைக்கு இன்னொரு கிழிந்த தாள்.

கோபம் கோபமாக வருகிறது. நன்றாக எழுதினால் ஆண்பிள்ளையாம். மோசமாக எழுதியிருந்தால் பெண்ணென்று உடனே நம்பியிருப்பார்கள்.

ஆடி 7

ஆடிக் காற்று ஆளைத் தூக்குகிறது. வத்தல் போட முடியாது. அப்பாடா, இனி எழுதவும் வேண்டாம், கவலையும் வேண்டாம் என்றிருந்தேன். அத்தை, "மச்சில புளி பூசணம் பிடிச்சிரும், மத்தியானம் மேல போய்ப் பக்கத்துல இருந்து பாத்துக்கோ" என்கிறார்கள். பூசணம் என்ன, ஆள் இருந்தால் வெட்கப்பட்டு ஓடிவிடுமா?

ஆடி 13

பத்திரிகை வந்தது, கதை வரவில்லை. அந்த இடத்தில் நாலு வரி: "மங்களவல்லி சரித்திரம் எழுதுவது ஸ்திரீதானா என்று ஐயம் எழுந்திருப்பதால், தக்க அத்தாட்சி கிடைக்கும்வரை நிறுத்தப்பட்டது."

வாசித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.  சொர்ணம் சின்னத்தை என் கையிலிருந்து பத்திரிகையை வாங்கினார்கள். எல்லார் முன்னாலும், கொஞ்சம் திக்கி, பிறகு திக்காமல், அந்த நாலு வரியையும் உரக்க வாசித்தார்கள். "ஆமா, எனக்கு வாசிக்கத் தெரியும். இப்ப என்ன?" என்றார்கள். 

"இவனுகளுக்கு என்னளா அத்தாட்சி வேணுமாம்?" என்றார்கள் அத்தை.

"யாராச்சும் சாட்சி சொல்லணுமாம், பொம்பளைதான்னு" என்றேன்.

"ஆம்பளைன்னு நான் சொன்னேன், அது நம்ம வீட்டுப் பேச்சு" என்று கோமு மயினி சீறினாள். "அவனுவ எப்படிச் சொல்லலாம்?"

"அப்ப நாம சாட்சி சொல்லுவோம்" என்றார்கள் சொர்ணம் சின்னத்தை.

கூட்டத்தில் இசக்கியம்மை பயந்த சுபாவம். "எழுதுனவளை நாம பாத்ததே இல்லையே. பாக்காம எப்படிச் சாட்சி?"

"பாத்தாத்தானா?" அத்தை காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்கள். "கேட்டோம்லா. மாசாமாசம் கேட்டோம். நெல்லு அவிச்சவளுக்குத்தான் அந்தப் பொகை தெரியும். தமையன் பொஞ்சாதி முகத்தைத் திருப்புத மாதிரி ஒரு ஆம்பளை எழுதிருவானா? இதுக்குச் சாட்சி சொல்ல நம்மள விட்டா வேற யாருக்குத் தகுதி இருக்கு?"

சொர்ணம் சின்னத்தை எழுதினார்கள். காகிதமும் மையும் நான் எடுத்து வந்தேன். எழுதியது இது: "மங்களவல்லி சரித்திரத்தை ஆதிமுதல் வாசித்தும் கேட்டும் வருகிற நாங்கள், இதை எழுதியவள் பெண்ணே என்று எங்கள் அனுபவத்தால் அறிந்து சாட்சி சொல்கிறோம். கதையை முடிக்கவும்."

"கைநாட்டு வச்சிரலாமா?" என்றாள் இசக்கியம்மை.

"கைநாட்டா? அதைப் பாத்துச் சிரிக்கவா? எல்லாரும் பேரு எழுதணும்" என்றார்கள் அத்தை. அவர்களுக்கே ஓர் எழுத்தும் தெரியாது.

ஆடி 20

பாத்திரம் தேய்க்கிற சாம்பலைப் புறவாசலில் பரப்பி எழுதப் பழகுகிறார்கள். சொர்ணம் சின்னத்தைதான் வாத்தியார். கையில் ஈர்க்குச்சி வேறு. கோமு மயினி தன் பெயரில் பாதியை எழுதிவிட்டு, "இது போதும், இதுக்கு மேல யாரு கூப்பிடுதா?" என்கிறாள். அத்தைக்குப் 'பி'யின் கொக்கி படுத்துவிடுகிறது. நிமிர்த்தி நிமிர்த்தி எழுதுகிறார்கள். முழங்கால் வலி என்று ஒரு வார்த்தை காணோம்.

ஆடி 29

எல்லாரும் மையால் எழுதி முடித்தார்கள். ஏழு பெயர். தாளை மடிக்கப் போனேன். அத்தை என் கையைப் பிடித்தார்கள்.

"உன் பேரு எங்க?"

"நான் எதுக்கு அத்தை?"

"வாசிச்சுக் காட்டுனவ பேரு இல்லேன்னா எவனும் ஏன்னு கேப்பான். ஏழு பேரு மேல சந்தேகம் வராது, இல்லாத எட்டாவது ஆளு மேலதான் வரும். போடு."

மற்றவர்கள் எல்லாரும் திடீரென்று வெவ்வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோமு மயினி வானத்தைப் பார்த்தாள். நான் என் பெயரை எழுதினேன். எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறேன், இந்த ஆறெழுத்துக்கு இரண்டு தரம் மை தொட்டேன்.

கச்சேரிக்குப் போயிருக்கிற இவர்களுக்கு ஒன்றும் தெரியாதது நல்லது.

ஆவணி 19

சாட்சித் தாளைத் தம்பிக்கு அனுப்பி மூன்று வாரமாகிறது, ஆவணிப் பத்திரிகையிலும் கதை இல்லை, அவனிடமிருந்து தகவலும் இல்லை. சொர்ணம் சின்னத்தை தினமும் தபால்காரன் நேரத்துக்கு வாசல் பெருக்குகிறார்கள்.

புரட்டாசி 4

வந்துவிட்டது! வந்துவிட்டது!

இவர்கள்தான் நேற்றுச் சாயந்திரம் கச்சேரியிலிருந்து வரும்போது கையில் கொண்டு வந்தார்கள். வழியிலேயே பிரித்து வாசித்திருக்கிறார்கள். "ஏளா, உன் பேரு அச்சுல வந்திருக்கே" என்றார்கள்.

"எல்லாரும் சாட்சி போட்டாக. நானும் போட்டேன்."

"புருஷன் சம்மதம் வேணும்னு கேட்டிருந்தானுவளாமே, ஒங்க சங்கரலிங்கம் எனக்கு எழுதியிருந்தான்."

 இவர்கள் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்கள். "கேட்டிருந்தா போட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்கள். மாடக்குழியில் இன்னொரு புட்டி மை இருந்தது. எப்போது வைத்தார்கள் என்று தெரியவில்லை.

இன்று மத்தியானக் கூட்டத்தில் நான் வாசிக்கவில்லை. சொர்ணம் சின்னத்தை வாசித்தார்கள். என் கதையை இன்னொருவர் வாய் வழியாக இன்றைக்குத்தான் கேட்டேன். காய்ச்சல் வந்தபோது எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். காய்ச்சல் விட்டது. மங்களவல்லி பானையைத் திறந்தாள். ஓர் எழுத்துக்கூட வெட்டாமல் சோறு முழுவதும் அச்சில் இருந்தது. அந்த இடத்தில் சின்னத்தை குரல் உடைந்து நின்றது. யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை, காத்திருந்தோம். மூக்கைத் துடைத்துக்கொண்டு கடைசி வரி வரை வாசித்தார்கள். 'முற்றிற்று' என்பதையும் வாசித்தார்கள். பிறகு அதையே இன்னொரு முறை வாசித்தார்கள்.

அடியில் சாட்சி. சொர்ணம்மாள், பிச்சம்மாள், கோமதியம்மாள், இசக்கியம்மாள் என்று ஒவ்வொருத்தியும் தன் பெயரைத் தானே தேடி விரல் வைத்தாள். கடைசியில் உலகம்மாள். மேலே, தலைப்புக்குக் கீழே, பழையபடி 'ஒரு பெண்'; எட்டுச் சாட்சியே போதுமென்று பத்திராதிபர் விட்டுவிட்டார். ஒரே பக்கத்தில் நான் இரண்டு தரம் இருக்கிறேன். சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

எல்லாரும் போன பிறகு சாம்பலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அத்தை அடுக்களை நிலையில் சாய்ந்து நின்று, தெருவைப் பார்த்தபடி கேட்டார்கள்.

"மழை விட்டதும் அடுத்த கதைக்கு எத்தனை படி அரிசி ஊறப்போட?"

துடைப்பம் கையிலேயே நின்றுவிட்டது. "ரெண்டு படி போதும் அத்தை" என்றேன்.

"காணாது, நாலு படி போடுதேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள்.